கொல்லைப்புறத்துப் பஞ்சாங்கம்

என் பாட்டனாருடைய சிராத்த திதி கார்த்திகை மாதத்துக் கிருஷ்ண பக்ஷத்தில் வரும். தஞ்சை ஜில்லாவில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருந்த எங்கள் பழைய வீட்டில் அன்றைய தினம் சிறுவர்களாகிய நாங்கள் சமையலறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது கட்டளை. ஆயினும் முதல் நாள் மாலை, கொல்லையிலிருந்து பறித்து வந்த காய்களை அத்தை முற்றத்தில் முறங்களில் பரப்பி, முற்றல் வேறு பிஞ்சு வேறு என்று ஆய்ந்தெடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு யாரும் தடை சொன்னதில்லை. ஒரு முறத்தில் சீப்போடு அரிந்த வாழைக்காய். மற்றொன்றில் மண் உதிராத சேப்பங்கிழங்கு. புடலங்காயும் பாகற்காயும் பயத்தங்காயும் ஒரு குவியலாக. அப்போதுதான் பந்தலில் தலைகாட்டத் தொடங்கியிருந்த அவரைப் பிஞ்சு ஒரு கைப்பிடி. வேலியில் படர்ந்திருந்த பிரண்டையின் இளங்கணுக்களை நார் உரித்து நறுக்கும் முன்பு அத்தை இரண்டு கைகளிலும் நல்லெண்ணெயைத் தடவிக்கொள்வாள். இல்லாவிட்டால் அரிப்புத் தாங்காது. மறுநாள் இலையில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது. தக்காளி கிடையாது. எனக்கு மிகவும் பிரியமான உருளைக்கிழங்கும் கிடையாது.

"ஏன் அத்தை, உருளைக்கிழங்கு பண்ணக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது சீமையிலேருந்து வந்ததுடா. உங்க தாத்தாவோட தாத்தா அதைக் கண்ணாலேயும் பாத்ததில்லே. பாக்காததை எலையிலே போட்டா அவா எப்படிச் சாப்பிடுவா?" என்றாள் அத்தை.

எழுதப் படிக்க அதிகம் தெரியாத அந்த அம்மாள் அன்று சொன்ன வார்த்தையில் ஒரு பெரிய சரித்திர உண்மை அடங்கியிருந்தது என்பதை நான் உணர்ந்துகொள்ள முப்பது வருஷங்கள் ஆயின. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. அரசனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. தானம் பெற்றவனுக்குச் செப்பேடு உண்டு. ஆனால் ஒரு வீட்டின் பின்புறத்தில், கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே, எந்தக் காலத்தில் எந்த மாதத்தில் எந்தக் கொடி படர்ந்தது என்பதை எழுதி வைத்தவர் எவருமில்லை. அந்தக் கணக்கை எழுதாமலே காப்பாற்றி வந்தவை நம்முடைய பண்டிகைச் சமையலும் சிராத்தச் சமையலுமே. இன்ன நாளில் இன்ன காய்தான் என்று விதித்த பெண்களின் ஞாபகமே தமிழ்நாட்டுக் கொல்லைப்புறத்தின் பஞ்சாங்கமாக இருந்து வந்திருக்கிறது.

சிராத்தச் சமையலைக் குறித்து வழங்கும் கதை ஒன்றையும் அத்தை சொல்வதுண்டு. வசிஷ்டர் தம் வீட்டுச் சிராத்தத்திற்கு விசுவாமித்திரரை அழைத்தாராம். ஆயிரத்தெட்டுக் கறிவகை படைப்பதானால் வருகிறேன் என்றாராம் அவர். அருந்ததி சற்றும் கலங்காமல், பாகற்காய்க் கறி ஒன்றும், பிரண்டைத் துவையல் ஒன்றும், பலாக்காய்க் கறி ஒன்றும், இவற்றோடு வேறு எட்டுக் காய்களும் சமைத்துப் பரிமாறினாளாம். பாகல் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்குச் சமம், பலா அறுநூறுக்குச் சமம் என்பது சாஸ்திரம்; ஆகவே கணக்குச் சரியாகிவிட்டதாம். கதை எந்தக் காலத்தில் பிறந்ததோ, அதைக் கட்டியவர் கொல்லைப்புறத்தை நன்கு அறிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கார்த்திகையில் பலாக்காய் கிடைக்காது. அதனால் எங்கள் வீட்டில் அந்த அறுநூறு எப்போதும் குறையும். "பிரண்டை இருக்கே, போதும்" என்று அத்தை சமாதானம் சொல்லிக்கொள்வாள். மாசி பங்குனியில் திதி வரும் வீடுகளுக்குத்தான் அந்தப் பாக்கியம்.

கொல்லை என்ற சொல்லே ஒரு நீண்ட பிரயாணம் செய்து வந்திருக்கிறது. சங்க நூல்களில் அது முல்லை நிலத்துப் புன்செய்யைக் குறித்தது. வரகும் அவரையும் விளையும் காட்டோரத்து மேட்டு நிலம் அது. வீட்டை ஒட்டிய தோட்டத்துக்கு அக்காலத்தில் படப்பை என்று பெயர். சோழர் காலத்துத் தானச் சாசனங்களில் ஊரின் எல்லைக்குட்பட்ட உரிமைகளைச் சொல்லி வரும்போது மனையும், அதனோடு மனைப்படப்பும் தவறாமல் இடம்பெறுகின்றன. வீடு என்றால் அதன் பின்னே ஒரு தோட்டம் இருந்தே தீரும் என்பது அரசாங்க ஓலை எழுதியவனுக்கும் சகஜமாகத் தெரிந்திருந்தது. காலப்போக்கில் படப்பை வழக்கொழிந்து, புன்செய்யிலிருந்து கொல்லை என்ற சொல் வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்துவிட்டது.

உ.வே. சாமிநாதையரவர்கள் 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டு வெளியிட்டபோது தமிழுலகம் அதில் வள்ளல்களையும் வீரர்களையும் கண்டு வியந்தது. எனக்கோ அந்நூலில் அடுக்களையின் வாசனையே முதலில் வீசுகிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், தம் பெரும்பாணாற்றுப்படையில், வழிப்போக்கனாகிய பாணனைத் தோட்டக்குடிகள் வாழும் இடத்துக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே அவனுக்குக் கிடைப்பது பலாச்சுளை, இளநீர், வாழைப்பழம், நுங்கு. இந்த இனிப்பெல்லாம் தின்று தெவிட்டினால் சேப்பங்கிழங்கு உண்ணலாம் என்று புலவர் ஒரு வார்த்தை சேர்க்கிறார். என் அத்தையின் முறத்தில் மண்ணோடு கிடந்த அதே கிழங்கு! அதே பாட்டில் மறையவர் இல்லத்துக்குப் போனால், மாதுளையின் பசுங்காயை மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் வேகவைத்த கறியும், மாவடு ஊறுகாயும் சோற்றோடு கிடைக்கின்றன. மிளகு, கறிவேப்பிலை, மாவடு என்னும் இம்மூன்றும் இன்றும் இருந்த இடத்தில் இருக்கின்றன. மாதுளங்காய்க் கறி ஒன்றுதான் நம்மைவிட்டுப் போயிற்று.

ஆனால் அகன்ற தோட்டமுள்ளவர்களின் சமையலை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதிச் சரித்திரமே. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் சமையலறை வேறு. கூரை இற்று வீழ்ந்த அந்த வீட்டில் நாய் ஒன்று குட்டி ஈன்று கிடக்கிறது. பசியால் மெலிந்த பெண் குப்பைமேட்டில் தானாக முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் காணக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். அவளுக்குப் படப்பை இல்லை, குப்பைமேடே படப்பை. நிலமில்லாதவர்களின் கொல்லை எப்போதும் பிறர் நிலத்தின் வரப்பிலும் வாய்க்கால் கரையிலுமே இருந்து வந்திருக்கிறது. எங்கள் ஊரில் களையெடுக்க வரும் பெண்கள் மாலையில் வீடு திரும்பும்போது முந்தானையில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் குமிட்டிக்கீரையும் முடிந்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய குடிசைக் கூரைமேல் சுரைக்கொடி ஏறியிருக்கும். இரண்டு முழம் தரையில்லாதவனுக்குக் கூரையே பந்தல். நூறு கீரையின் பெயரும் குணமும் தெரிந்தவர்கள் அப்பெண்களே. அந்த அறிவை யாரும் சாஸ்திரம் என்று பெயரிட்டு எழுதி வைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் ஒரு சமையல் வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கும். மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடியில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியின் ஆதரவில் தங்கிய கண்ணகிக்கு, பலாக்காயும் வரியோடிய வளைந்த வெள்ளரிக்காயும் மாதுளங்காயும் மாம்பழமும் வாழைப்பழமும் அரிசியும், தங்கள் பசுக்கள் தந்த பயனும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வணிகர் மாளிகையில் வளர்ந்த அவள் மென்விரல் சிவக்க அரிவாளால் அக்காய்களை நறுக்குகிறாள். மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் அடுப்பு மூட்டுகிறாள். கோவலன் தன் மனைவியின் கையால் உண்ட கடைசிப் போஜனம் அது. மதுரை எரியுண்டது ஆடி மாதத்துத் தேய்பிறை அஷ்டமியில் என்று நூலே சொல்கிறது. ஆகவே இந்தச் சமையலும் ஆடியில் நடந்ததே. ஆடியில் மாம்பழமும் பலாவும் முடிவுகாலத்தில் இருக்கும். வெள்ளரியும் மாதுளையும் கிடைக்கும். அவரையோ சேனையோ அப்போது கிடைக்காது. இளங்கோவடிகள் அவற்றைச் சொல்லவும் இல்லை. காவியத்தின் உச்சத்தில் நிற்கும்போதும் கவி காய்கறியின் பருவத்தைப் பிழைக்கவில்லை என்பதைக் காணும்போது, அக்காலத்தவர் மாதத்தை நாவினாலேயே அறிந்திருந்தார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

கத்தரிக்காயின் பழைய பெயர் வழுதுணை. புல்வேளூரில் பூதன் என்பவன் இட்ட வரகரிசிச் சோற்றையும் வழுதுணங்காய் வதக்கலையும் புளித்த மோரையும் உலகத்துக்கே ஈடென்று ஔவையார் பாராட்டியதாக ஒரு தனிப்பாடல் வழங்குகிறது. கோயில்களும் கறியை மறக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனுடைய அம்பாசமுத்திரக் கல்வெட்டில், தெய்வத்துக்குப் படைக்க வேண்டிய அமுதுகளில் காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று சமைக்கும் பக்குவத்தின்படியே கறிகள் பிரித்துச் சொல்லப்படுகின்றன. இன்ன காய் என்று பெயர் சொல்லாமல் பக்குவத்தை மட்டும் விதித்ததில் ஒரு நயம் உண்டு. காய் மாதத்துக்கு மாதம் மாறும், பக்குவம் மாறாது.

இனி அந்தக் கொல்லை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு காவிரிக்கரை வீடுகளின் வழக்கப்படி நீளவாட்டில் அமைந்தது. திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, மாட்டுக்கொட்டில் என்று ஒரே கோட்டில் ஓடி, கடைசியில் கொல்லையாக விரிந்து வாய்க்காலில் போய் முடியும். இந்த வரிசையில் எதுவும் வீணாகவில்லை. அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு. பாத்திரம் தேய்த்த நீரும் குளித்த நீரும் சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கும் சேம்புக்கும். கொட்டில் சாணம் எருக்குழிக்கு. அடுப்புச் சாம்பல் அவரைக்கு. விடியற்காலையில் இலையில் பனி உலர்வதற்கு முன் சாம்பலைத் தூவினால்தான் அசுவினி அண்டாது என்று அத்தை இருட்டிலேயே எழுந்து போவாள். வெயிலேறிய பிறகு தூவினால் சாம்பல் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். புடலம்பிஞ்சு ஒரு சாண் நீண்டதும் அதன் நுனியில் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தப் பாரத்தில் காய் சுருண்டுகொள்ளாமல் நேராக வளரும். பந்தலின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், கல் கட்டிய புடலங்காய்கள் காற்றில் மெல்ல ஆடுவது கோயிலில் மணிகள் தொங்குவதைப் போலிருக்கும்.

விதை வைக்கும் முறையில்தான் எத்தனை சாமர்த்தியம்! பந்தலிலேயே முதல் தரமான காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டு, அதில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி அடையாளம் செய்துவிடுவார்கள். எவ்வளவு அவசரமானாலும் அதை யாரும் தொட மாட்டார்கள். அவரைவிதையும் மொச்சையும் சாம்பலில் புரட்டப்பட்டுப் பானைக்குள் போகும். பூசணி விதையும் பரங்கி விதையும் சாணத்தில் பொதியப்பட்டுச் சுவரில் வறட்டியாக ஒட்டிக்கொள்ளும். கீரை விதைக்குக் காய்ந்த சுரைக்குடுக்கை. பீர்க்கங்காய்க்கு இந்தப் பிரயாசையெல்லாம் தேவையில்லை. கொடியிலேயே முற்றிக் காய்ந்து கூடான பிறகு, அடுக்களை விட்டத்தில், அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டால் போதும். குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியைக் கேளாத தமிழர் இல்லை. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிவதற்கு முன்பு, குடகில் பெய்த மழை காவிரியில் புதுவெள்ளமாக வந்து சேரும் காலமே எங்கள் பக்கத்துக்கு வருஷத்தின் உண்மையான தொடக்கம். பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றங்கரையில் சித்திரான்னம் உண்டு திரும்பியதும், வீட்டுப் பெண்கள் கொல்லையில் அவரை, பாகல், புடல், பீர்க்கு, பரங்கி விதைகளை ஊன்றுவார்கள். ஒரே நாளில் ஊன்றினாலும் எல்லாம் ஒரே நாளில் பலன் தருவதில்லை. புரட்டாசியிலேயே பீர்க்கும் புடலும் காய்த்துவிடும். அவரையோ ஐப்பசி வரையில் இலையும் கொடியுமாகப் பந்தலை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். நாட்டுப் பந்தல் அவரை பகற்பொழுது குறுகத் தொடங்கினாலொழியப் பூக்காது. மழை எவ்வளவு பெய்தாலும் எரு எவ்வளவு போட்டாலும், சூரியன் தெற்கே சாய்ந்து இரவு நீளும் வரையில் அது காத்திருக்கும். கார்த்திகையில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூச்சரம் எட்டிப் பார்க்கும். மார்கழியில் பறிக்கப் பறிக்கக் காய். மொச்சையும் இதே ஜாதி, இதே சுபாவம். சித்திரை வைகாசியில் புதைத்த சேனை எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள் இருந்து மார்கழி தையில் தண்டு சாய்ந்து தன்னைத் தோண்டச் சொல்லும். மஞ்சளும் அப்படியே, பொங்கல் பானையின் கழுத்தில் இலையோடு மஞ்சட்கொத்தைக் கட்டுவது மங்களத்துக்காக மட்டுமல்ல, அது அப்போதுதான் கொல்லையில் விளைந்து நிற்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மார்கழித் திருவாதிரையின் சமையலைப் பாருங்கள். அன்று களியும் கூட்டும் நைவேத்தியம். அந்தக் கூட்டைத் தஞ்சைப் பக்கத்தில் ஏழுதான் கூட்டு என்றும், சென்னைப் பட்டணத்தில் ஏழுகறி என்றும், திருநெல்வேலிச் சீமையில் தாளகம் என்றும் சொல்வார்கள். அவரை, மொச்சை, பூசணி, பரங்கி, வாழைக்காய், சேம்பு, சேனை, சர்க்கரைவள்ளி எனக் கைக்கு அகப்பட்டதில் ஏழோ ஒன்பதோ சேர்த்துப் புளிவிட்டு, மிளகாயும் தனியாவும் தேங்காயும் வறுத்தரைத்துக் கொதிக்கவிடுவது அதன் பக்குவம். சிதம்பரத்து நடராஜப் பெருமானுக்கும் இந்தக் கூட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் புராணம் ஒருவிதமாகச் சொல்லும். சேந்தனார் என்ற அடியவர் இட்ட களியை இறைவன் உவந்த கதை அது. கொல்லை வேறுவிதமாகச் சொல்கிறது. ஆடியில் ஊன்றிய கொடிகள் எல்லாம் ஒருங்கே காய்த்து, மண்ணுக்குள்ளிருந்த கிழங்குகளும் முற்றி, வருஷத்தின் எந்த மாதத்திலும் ஒரே நாளில் பறிக்க முடியாத ஏழு காய்கள் மார்கழியில் மட்டும் ஒரே நாளில் பறிக்கக் கிடைக்கின்றன. அந்தப் பூரணத்தையே ஒரு பானையில் ஏற்றி இறைவனுக்கு நிவேதனம் செய்தார்கள். அதே மாதத்தில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார்மேல் செருகும் மஞ்சட்பூவும் கடையில் வாங்கியதல்ல. கொல்லையில் படர்ந்த பரங்கிக்கொடியில் அதிகாலையில் விரிந்த ஆண்பூ. ஆண்பூ காய்க்காதாகையால் அதைப் பறிப்பதில் நஷ்டமில்லை என்பது பத்து வயதுப் பெண்ணுக்கும் தெரியும்.

தெற்கே போனால் பஞ்சாங்கம் சற்று மாறும். திருநெல்வேலிப் பொங்கலுக்குச் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் இல்லாமல் தீராது. ஆடி ஆவணியில் உதிரும் பனம்பழத்தின் கொட்டைகளை மண்ணில் அடுக்கிப் புதைத்து வைத்தால், மூன்று நான்கு மாதத்தில் முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். பொங்கலுக்குச் சில நாள் முன்பு தோண்டியெடுத்து, மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்து, நாரைக் கிழித்துக் கிழித்துத் தின்பார்கள். குழந்தைகளுக்கு அதில் கரும்பைவிட ஆசை.

பங்குனியோடு இந்தச் செழிப்பு முடியும். தை மாதத்தில் இரண்டாம் முறை ஊன்றிய வெள்ளரியும் பூசணியும் கத்தரியும் கோடையை ஒருவாறு தாங்கினாலும், கிணற்றில் நீர் இறங்க இறங்கக் கொல்லை வெறிச்சோடும். அப்போது காய்ப்பது மரங்கள் மட்டுமே. முருங்கை சரம்சரமாய்த் தொங்கும், மாசியில் மாவடு, சித்திரையில் வேப்பம்பூ தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும். வருஷப்பிறப்பன்று மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் வேப்பம்பூ விழுவதற்குக் கசப்பும் இனிப்பும் கலந்த வாழ்க்கை என்று தத்துவம் சொல்வார்கள். அந்தத் தத்துவத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அன்று கொல்லையில் இருப்பவை மாங்காயும் வேப்பம்பூவுமே என்பதையும் மறக்க வேண்டாம். அந்த வெயிலை வீட்டுப் பெண்கள் சும்மா விடவில்லை. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, பாகல், கத்தரி எல்லாம் மோரிலும் உப்பிலும் ஊறி, பாயில் காய்ந்து, வற்றலாக ஜாடிக்குள் போகும். அவை வெளிவருவது ஐப்பசி அடைமழையில். வாய்க்கால் பொங்கிக் கொல்லைக்குள் புகுந்து, பந்தல் சாய்ந்து, கீரைப்பாத்தி அழுகி, ஒரு வாரம் வெளியே கால் வைக்க முடியாத அந்த நாட்களில், சுண்டைவற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் மட்டுமே இலையில் இருக்கும். சித்திரை வெயிலை ஐப்பசி மழையில் உண்பது என்று இதைச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷங்களுக்குப் பிறகும் அந்தக் குழம்பு கொதிக்கும் வாசனை எழுந்தால் என் காதில் ஓட்டுக்கூரையில் மழை பெய்யும் சத்தம் கேட்கிறது.

இந்தப் பஞ்சாங்கத்தில் புதியவர்கள் வந்து சேர்ந்த வரலாறும் அவர்களுடைய பெயர்களிலேயே இருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, அமெரிக்கக் கண்டத்துச் செடிகொடிகள் போர்த்துகீசியர் வழியாக நம் கரைகளுக்கு வரத் தொடங்கின. மிளகைப் போல் உறைத்த காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டார்கள். வரும்போதே உறவுமுறை சொல்லிக்கொண்டு வந்ததால் அது இருநூறு முந்நூறு வருஷங்களில் அடுக்களையின் எஜமானியாகவே ஆகிவிட்டது. பறங்கியர் கொண்டுவந்த பூசணிக்குப் பரங்கிக்காய் என்று பெயர் நிலைத்தது. தக்காளி என்ற சொல்லோ நம் நாட்டுச் செடிகளுக்குரியது. மணத்தக்காளியில் அது இன்னும் பழைய பொருளோடு இருக்கிறது. கடல் கடந்து வந்த பழம் முதலில் சீமைத்தக்காளி என்று அடைமொழியோடு நின்று, பிறகு சீமையை உதறிவிட்டுப் பெயரை முழுவதும் தனதாக்கிக்கொண்டது. சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கிழங்கே. ஆயினும் வள்ளி என்ற நாட்டுப் பெயரும் இனிப்பும் அதற்குத் துணை நின்றதால், திருவாதிரைக் கூட்டிலும், பல வீடுகளில் சிராத்த இலையிலுங்கூட இடம்பிடித்துவிட்டது. அத்தையின் சட்டத்தை நுணுகிப் பார்த்தால் இத்தகைய விலக்குகள் உண்டு. முன்னோர் கண்டவை, காணாதவை என்ற எல்லைக்கோடு நாடு பார்த்து இடப்பட்டதல்ல. எவ்வளவு காலமாக மண்ணோடு பழகியது என்பதைப் பார்த்து இடப்பட்டது. மரவள்ளிக்கு ஒரு மகாராஜாவே சிபாரிசு செய்தார். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா அதைப் பயிரிடும்படி குடிகளை ஊக்கினார். அக்காலத்தில் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலும் ஏழைகளின் பசிக்கு அது பெரிய ஆதாரமாயிற்று.

கொல்லைக்கு உண்மையான போட்டி மலையிலிருந்து வந்தது. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரியில் ஏறி, அங்கே வீடு கட்டி, ஐரோப்பாவின் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். இன்று லட்சக்கணக்கானோர் பூக்களைக் காணச் செல்லும் உதகமண்டலத்துத் தாவரவியல் தோட்டத்தின் தொடக்கமே, அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள் 1840-களில் தங்களுக்கு மலிவாகக் காய்கறி கிடைக்க வேண்டுமென்று மாதச் சந்தா போட்டு நடத்திய ஒரு காய்கறித் தோட்டந்தான். 1848-இல் மக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வந்த பின்புதான் அது பூந்தோட்டமாக உருவெடுத்தது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. கோசும் காரட்டும் உருளைக்கிழங்கும் மலையிறங்கி, மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சென்னைக் கொத்தவால் சாவடிக்கும், அங்கிருந்து ஊர்தோறும் போயின. இங்கிலீஷ் காய்கறி என்று அவற்றுக்குப் பொதுப்பெயர் ஏற்பட்டது. அதற்கு எதிராகவே அவரையும் புடலும் நாட்டுக்காய் என்ற பெயரைப் பெற்றன. இங்கிலீஷ் காய்கறி ஒன்று வரும் வரையில் அவை வெறும் காய்களாகத்தான் இருந்தன. மலைக்காய்க்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை; பன்னிரண்டு மாதமும் கடையில் இருக்கும். பஞ்சாங்கத்தின் தேவை அன்றைக்கே குறையத் தொடங்கியது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா ஜப்பானியர் வசமாகி, 1942-இல் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, அதிக உணவு உற்பத்தி இயக்கம் தொடங்கிற்று. வீட்டுக்கொரு காய்கறித் தோட்டம் போடும்படி பிரசாரமும் நடந்தது. பட்டணத்து வீடுகளில் பூந்தொட்டிகளை அகற்றிவிட்டுக் கத்தரி நட்டவர்கள் உண்டு. கிராமத்திலிருந்த அத்தை போன்றவர்களுக்கு அந்தப் பிரசாரம் புரியவேயில்லை. தோட்டம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை அவர்கள் அதுவரையில் யோசித்ததில்லை. பிறகு பிள்ளைகள் உத்தியோகத்துக்காகப் பம்பாய்க்கும் தில்லிக்கும் போனார்கள். கூடப்போன பெண்களுக்குத் துணையாக, 1951-இல் எஸ். மீனாக்ஷி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்து அளவும் முறையும் அச்சேறின. அது மகத்தான உபகாரம். ஆனால் பந்தலையும் கிணற்றடியையும் புத்தகத்தோடு அனுப்ப முடியவில்லை. ஊரிலோ பாகப்பிரிவினையில் கொல்லைகள் குறுக்கே சுவர் எழும்பிச் சிறுத்தன. எங்கள் வீட்டுக் கொல்லை மூன்று மனைகளாயிற்று. பிரண்டை படர்ந்திருந்த வேலி இருந்த இடத்தில் இப்போது ஒரு சிமெண்டுத் தெரு போகிறது.

சென்ற மார்கழியில், திருவாதிரைக்கு முதல் நாள், மயிலாப்பூர் தெற்கு மாடவீதி வழியாக நடந்தபோது, நடைபாதையில் சாக்கு விரித்து ஒரு வயதான அம்மாள் நாட்டுக்காய்களைக் கூறுகட்டி வைத்திருப்பதைக் கண்டேன். ஒவ்வொரு கூறிலும் ஒரு துண்டு பூசணி, ஒரு துண்டு பரங்கி, ஒரு வாழைக்காய், உரித்த மொச்சை ஒரு பிடி, அவரை, சேனை, சர்க்கரைவள்ளி. சேனையின் மேல் மண் இன்னும் ஈரமாக இருந்தது. "ஏழுகறிக் கூறு சாமி, எல்லாம் கணக்கா வச்சிருக்கேன்" என்றாள். ஒன்று வாங்கிக்கொண்டேன். பழக்க தோஷத்தால் பக்கத்துக் கூடையிலிருந்த தக்காளியிலும் கால் கிலோ போடச் சொன்னேன். அவள் நிறுத்து, கூறோடு சேர்க்காமல், வேறொரு காகிதத்தில் அதைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"இதைத் தனியா வச்சுக்குங்க சாமி. இது நாளைக்குக் கூட்டுல சேராது."